ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பா? பழைய ஃபைலை எடுங்க!

மேற்கே மலையில் சாரல் பிடித்துவிட்டால் போடிநாயக்கனூர் வீடுகளில் ராத்திரி போர்வை இல்லாமல் படுக்க முடியாது. பிள்ளைகள் சுருண்டு தூங்குகிறார்கள். கணவர் குறட்டை விடுகிறார். மணி ரெண்டு. அந்த வீட்டு அம்மா மட்டும் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு அனல் கிளம்பி, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறுகிறது. நைட்டி தொப்பலாக நனைந்துவிட்டது. ஃபேனைப் போட்டால், ‘‘அம்மா, குளிருதும்மா!’’ என்று மகள் சிணுங்குகிறாள். அணைத்தால் இவருக்கு மூச்சு முட்டுகிறது. ஐந்து நிமிஷத்தில் அனல் அடங்கி, ஈரத் துணியில் உடம்பு வெடவெடக்கிறது. அதற்கப்புறம் தூக்கமா? போனது போனதுதான்!

இந்த அம்மா உங்கள் தெருவில் இருக்கலாம். உங்கள் அக்காவாக இருக்கலாம். ஏன், இதைப் படிக்கும் நீங்களாகவே இருக்கலாம்!

காலையில் மதினியிடம் சொன்னால், ‘‘வயசாகுதுல்ல... எல்லாருக்கும் வர்றதுதான். நானெல்லாம் சொல்லிக்கிட்டா திரியிறேன்?’’ என்பார். கணவரிடம் சொன்னால், ‘‘கண்டதையும் யோசிக்காம படு’’ என்பார். மருந்துக் கடையில் சொன்னால் ஒரு சின்ன மாத்திரையை நறுக்கித் தருவார்கள். இப்படியே ஐந்து வருஷம், எட்டு வருஷம் ஓடிவிடும்.

இத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ‘‘உங்களுக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் செஞ்சாங்களே... அப்ப எதையெல்லாம் எடுத்தாங்க?’’

பையை எடுத்தாச்சு... எந்தப் பையை?

‘பையை எடுத்தாச்சு’ என்று ஒரே வார்த்தையில் நாம் முடித்துவிடுகிறோம். ஆனால், அடிவயிற்றில் இருப்பது ஒரு பை இல்லை. நடுவில் கர்ப்பப்பை. அதன் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சினைப்பை. டாக்டர்கள் ‘ஓவரி’ என்று சொல்வது இந்தச் சினைப்பையைத்தான். மாதவிலக்கு வருவது கர்ப்பப்பையிலிருந்து. ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரந்து, எலும்பு, இதயம், தோல், மனசு, தூக்கம் எல்லாவற்றையும் பராமரிப்பது சினைப்பை.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்து, சினைப்பைகளை விட்டிருந்தால் மாதவிலக்கு நிற்கும். ஹார்மோன் சுரப்பு தொடரும். மெனோபாஸ் சற்று முந்தி வரலாம், அவ்வளவுதான். இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் கதையே வேறு. ஓரிரு நாளிலேயே ஈஸ்ட்ரோஜன் சரிந்துவிடும். உங்களுக்கு வயது 36 ஆக இருந்தாலும் சரி, 42 ஆக இருந்தாலும் சரி, அன்றைக்கே மெனோபாஸ்!

போடிக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். போடிமெட்டிலிருந்து ஊருக்கு இறங்கும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவாகத் திரும்பி, மெதுவாக இறங்கும்போது காது அடைத்தாலும் உடம்பு பழகிக்கொள்ளும். இயற்கையாக வரும் மெனோபாஸ் இப்படித்தான். நாலைந்து வருஷம் எடுத்துக்கொண்டு இறங்கும். சினைப்பையை எடுப்பதால் வரும் மெனோபாஸ், வளைவே இல்லாமல் நேராகச் சரிவில் உருளுவது மாதிரி. அதனால்தான் அனலும் அதிகம், வியர்வையும் அதிகம், தூக்கக்கேடும் அதிகம்.

நம் நாட்டுப் பெண்களுக்கு இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47 தான். மேல்நாடுகளில் 51. முப்பதுகளிலேயே சினைப்பையை இழந்தவர், பத்து வருஷ ஹார்மோனை முன்கூட்டியே இழக்கிறார் என்று அர்த்தம்.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைக்கு அடியில், ஆஸ்பத்திரி ஃபைல் ஒன்று கிடக்கும். அதை எடுங்கள். ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ என்று ஒரு தாள் இருக்கும். அதில் ‘டி.ஏ.எச்.’ என்று மட்டும் இருந்தால், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். கூடவே ‘பி.எஸ்.ஓ.’ என்ற மூன்று எழுத்தும் இருந்தால், இரண்டு பக்கத்துச் சினைப்பைகளும் குழாய்களோடு போய்விட்டன. ‘ஊஃபரெக்டமி’ என்ற வார்த்தை இருந்தாலும் சினைப்பை எடுத்தது என்றுதான் பொருள். ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்று டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

‘‘ஃபைலெல்லாம் எங்க இருக்கோ!’’ என்கிறீர்களா? ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் நகல் கேட்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால், ஸ்கேனும் எஃப்.எஸ்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து ஓரளவு சொல்லிவிடும். இந்த ஒரு விவரம் தெரிந்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ‘எனக்குப் பைத்தியம் பிடிக்குதோ’ என்ற பயம் போய், ‘இது ஹார்மோன் இல்லாததால் வருகிறது’ என்ற தெளிவு வரும்.

தூக்கம் ஏன் போகிறது?

நம் மூளைக்குள் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அது நிதானமாக இருக்கும். ஈஸ்ட்ரோஜன் போனதும் தொட்டாற்சுருங்கி ஆகிவிடும். உடம்புச் சூடு துளி ஏறினாலும், ‘ஐயோ, கொதிக்குது!’ என்று முடிவு கட்டி, ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டவைத்துவிடும். இதுதான் ‘ஹாட் ஃப்ளஷ்’. ராத்திரி வந்தால் தூக்கம் கலையும். நாலு ராத்திரி கலைந்தால், ஐந்தாவது ராத்திரி அனல் வராவிட்டாலும் பழக்கத்தில் விழிப்பு வந்துவிடும். ‘இன்னிக்கும் தூங்க மாட்டேனோ’ என்ற பயமே தூக்கத்தை விரட்டும்.

இது எத்தனை வருஷம் இருக்கும்? அமெரிக்காவில் பல இனப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ ஆய்வின் முடிவு 2015-ல் வெளியானது. அடிக்கடி ஹாட் ஃப்ளஷ் வரும் பெண்களில் பாதிப்பேருக்கு அது ஏழு வருஷத்துக்கு மேல் நீடித்தது. ஆகவே, ‘ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வருஷமாச்சு, இன்னுமா?’ என்று கேட்பவர்களுக்கு பதில்: ‘ஆமாம், இன்னும்தான்!’ உங்கள் குற்றம் எதுவும் அதில் இல்லை.

எல்லாத் தூக்கக்கேட்டையும் ஹார்மோன் தலையில் கட்டிவிடவும் கூடாது. மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்கும் குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் அதிகமாகும். காலையில் தலைவலி, பகலில் அசதி என்றால் அதைச் சோதிக்க வேண்டும். படுத்ததும் கால் குடைச்சல் என்றால் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். படபடப்பும் வியர்வையும் தைராய்டு தொல்லையாலும் வரும். சர்க்கரை, பி.பி.யையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மலைக்குப் போகும் ஜீப்பில்...

விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும், தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு. ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை; தூரில், தரையோடு தரையாகக் கிடக்கும் சரத்தில்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் எடுக்க வேண்டும். அந்தக் காய் உலர்ந்து கீழே வந்தால், கடைகளில் உட்கார்ந்து தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தில் பெரிய விலைக்குப் போகும் அந்தப் பச்சை மணிக்குள் எத்தனை பெண்களின் இடுப்பு வலி இருக்கிறது!

கூலிக்குப் போகும் பெண்ணுக்குப் பெரும்போக்கு, வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று வந்தால், மாதாமாதம் வேலை கெடுகிறது. ‘‘ஒரேயடியா எடுத்துட்டா நிம்மதி’’ என்று அவளே சொல்லும் நிலை வந்துவிடுகிறது. இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் காட்டியது. அங்கே கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019-ல் அரசு கணக்கெடுத்தபோது, 82 ஆயிரத்துச் சொச்சம் பேரில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள்!

கூலிப் பெண்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 2015-16-ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வு முதன்முறையாக இந்தக் கேள்வியைக் கேட்டது. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் 34 வயதுக்குள்ளேயே! மூன்றில் இரண்டு பங்கு ஆபரேஷன் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தது.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்படுவதாக டாக்டர் நரேந்திர குப்தா 2013-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2023 ஏப்ரல் 5-ம் தேதி தீர்ப்பு வந்தது. மத்திய சுகாதாரத் துறை 2022-ல் வகுத்த வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது கோர்ட். மாவட்டம்தோறும் இந்த ஆபரேஷன்களைக் கண்காணிக்கக் குழு வேண்டும் என்பது அந்த வழிமுறைகளில் ஒன்று.

அதற்காக, ஆபரேஷனே தப்பு என்று சொல்லவில்லை. புற்றுநோய் என்றால் எடுத்தே ஆகவேண்டும். குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்து, மரபணுவிலும் கோளாறு இருந்தால் முன்கூட்டியே எடுப்பதுண்டு. ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015-ல், 39-வது வயதில், அப்படித்தான் சினைப்பைகளை எடுத்துக்கொண்டார். அதனால் மெனோபாஸ் வந்ததையும், ஹார்மோன் சிகிச்சை எடுப்பதையும் அவரே பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். உலகம் அறிந்த நடிகையே சொல்லும்போது நமக்கென்ன வெட்கம்?

ஹார்மோன் மாத்திரை என்றாலே பயமா?

‘‘ஹார்மோன் சாப்பிட்டா கேன்சர் வருமாமே?’’ இந்தப் பயம் 2002-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வால் உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆய்வில் மார்பகப் புற்றுநோய் கூடியது, இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துச் சாப்பிட்ட பெண்களுக்கு. கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஒன்றே போதும். அதை மட்டும் சாப்பிட்ட பெண்களின் முடிவு 2004-ல் வந்தது. அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பக்கவாதமும் ரத்தக்கட்டும் சற்றுக் கூடின. அதிலும், அந்த ஆய்வில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயதுக்காரர்கள். நாற்பது வயதில் சினைப்பையை இழந்தவரின் நிலைமை வேறு.

45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டு, ஹார்மோனும் எடுக்காமல் இருந்தால் எலும்பு தேய்வு, இதய நோய், ஞாபக மறதி ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. அதனால்தான், தடை எதுவும் இல்லாவிட்டால், இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்கலாம் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. மாத்திரையாகவும் கிடைக்கிறது, தோலில் தடவும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. ஜெல்லில் ரத்தக்கட்டு ஆபத்து குறைவு.

யாருக்குக் கூடாது? மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் முற்றியவர்கள். இவர்களுக்கும் வழி இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் குறைந்த அளவில் ஹாட் ஃப்ளஷ்ஷைக் குறைக்கும். கபாபென்டின் என்ற மாத்திரை ராத்திரி வியர்வைக்கும் தூக்கத்துக்கும் உதவும். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதோடு ஒத்துப்போகாத மாத்திரைகள் உண்டு.

இன்னொரு விஷயம். வெளியே சொல்லக் கூச்சப்படுவது. பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, தாம்பத்யத்தில் வலி. இதுவும் ஈஸ்ட்ரோஜன் இல்லாத குறைதான். அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது. டாக்டர் அம்மாவிடம் தயங்காமல் கேளுங்கள்.

மருந்துக் கடையில் நீங்களாக வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம். அனல் அப்படியே இருக்கும்; பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் திடீரென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

தூக்கத்தைத் திரும்பப் பழக்குவது எப்படி?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் செய்யவேண்டியது பழக்கச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2016-ல் அறிவித்தது. ஹாட் ஃப்ளஷ் உள்ள பெண்களுக்கும் இது பலன் தருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவு கிடையாது, பொறுமைதான் வேண்டும்.

1. ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் இதே சட்டம்தான்!

2. ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுகிறீர்கள். ஆனால் தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பதினொன்றரைக்குத்தான் படுக்க வேண்டும். படுத்த நேரம் முழுக்கத் தூக்கமாக மாறியதும், வாரம் கால் மணி நேரம் முன்னதாகப் படுங்கள். முதல் பத்து நாள் பகலில் கிறக்கமாக இருக்கும். ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். வலிப்பு உள்ளவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

3. இருபது நிமிஷம் போல் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். கண் சொருகினால் மட்டும் திரும்பிப் போங்கள். கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

4. மத்தியானத் தூக்கம் வேண்டாம். பகல் 2 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். தேயிலை மலை பக்கத்திலேயே இருக்க இது கஷ்டம்தான். பதினைந்து நாள் செய்துதான் பாருங்களேன்!

5. நைலான், பாலியஸ்டர் நைட்டியைத் தள்ளுங்கள். மெல்லிய பருத்திதான் நல்லது. தலையணை அருகே ஒரு துண்டு, மாற்று நைட்டி, ஒரு சொம்பு தண்ணீர். ஒரே கனமான போர்வைக்குப் பதில் இரண்டு மெல்லிய போர்வைகள் இருந்தால், அனல் வரும்போது ஒன்றை விலக்கலாம்.

6. ராத்திரிச் சாப்பாட்டில் காரத்தைக் குறையுங்கள். அதைச் சுடச்சுட, படுக்கப்போகும் நேரத்தில் சாப்பிடாதீர்கள்.

‘‘ஏலக்காய் போட்ட பால் குடிச்சா தூக்கம் வருமே?’’ தாராளமாகக் குடியுங்கள். மணமாக இருக்கும், பாலில் கால்சியமும் கிடைக்கும். ஆனால் ஹாட் ஃப்ளஷ்ஷை அது நிறுத்தாது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் சுமார் 240. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, மோர் என்று சேர்த்துக்கொண்டே வந்தால் கணக்கு நிறையும். கொஞ்சம் காலை வெயில், தினமும் அரைமணி நேர நடை. எலும்பின் பலத்தைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இன்னும் ஆபரேஷன் ஆகாத தங்கைகளே, இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

• என் வியாதியின் பெயர் என்ன? மாத்திரையிலோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்திலோ சரியாகாதா?

• சினைப்பைகளையும் எடுக்கப் போகிறீர்களா? ஏன்?

• அவை நன்றாக இருந்தால் விட்டுவைக்க முடியுமா? (குழாய்களை மட்டும் எடுத்துவிட்டாலே பிற்காலத்தில் சினைப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து குறையும்.)

• எடுத்தே ஆகவேண்டும் என்றால், அப்புறம் எனக்கு ஹார்மோன் தருவீர்களா?

• இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு வரலாமா?

ஐந்தாவது கேள்விக்குக் கோபப்படாத டாக்டர் நல்ல டாக்டர்! தேனி பக்கத்தில் இருப்பவர்கள் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு - மகளிர் பிரிவில் இரண்டாவது கருத்தைக் கேட்கலாம். வீட்டிலிருந்தே ஆலோசனை கேட்க 104-க்கு போன் செய்யலாம்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை

ஐயா, பக்கத்தைத் திருப்பாதீர்கள்! உங்கள் மனைவி சின்ன விஷயத்துக்கும் சுள்ளென்று விழுகிறாரா? திடீரென்று அழுகிறாரா? வருஷக்கணக்கில் ராத்திரி மூணு மணி நேரம் தூங்குபவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருப்பார். ‘‘நேத்து தூங்குனியா?’’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள். ஃபைலைத் தேடும் வேலையை நீங்களே செய்யுங்கள். பீரோவின் மேல்தட்டு உங்களுக்குத்தான் எட்டும்.

‘வாழவே பிடிக்கலை’ என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அதை அலட்சியமாக விடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 எண் இருக்கிறது. எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆபரேஷன் ஆகி எத்தனை வருஷமானாலும் சரி, இனிமேல் போய் என்ன கேட்பது என்று இருந்துவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும், ஹார்மோன் ஒத்துவருமா, வேறு மருந்தா, பழக்கச் சிகிச்சையா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

இன்றைக்கு ராத்திரியும் ரெண்டு மணிக்கு முழிப்பு வரலாம். வந்தால், விட்டத்தைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டாம். சத்தமில்லாமல் எழுந்து போய் பீரோவைத் திறங்கள். அந்த ஃபைலை எடுத்து மேஜை மேல் வையுங்கள்.

விடிந்ததும் முதல் வேலை அதுதான்!